இல்லாத வண்டைக் கண்டவர்கள்

1981 பிப்ரவரியில் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில், பாமோல், மாமோர் ஆகிய இரு தோட்டங்களில், கேமரூன் நாட்டிலிருந்து வந்த வண்டின் வழித்தோன்றல்களைச் செம்பனை மரங்களுக்கு நடுவே திறந்துவிட்டார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், முன்னால் நீண்ட மூக்கு. அறிவியல் பெயர் எலெய்டோபியஸ் கேமரூனிகஸ். ஓராண்டுக்குள் அது தீபகற்பத்தின் செம்பனைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை ஆட்கள் மரம் மரமாகப் போய்ச் செய்துவந்த ஒரு வேலை, அதோடு நின்றுபோனது.

அறிவியல் கண்டுபிடிப்பு என்றதும் நாம் சொல்லிப் பழகிய கதைகள் வேறு. ஆர்க்கிமிடீசின் குளியல் தொட்டி, நியூட்டனின் ஆப்பிள், கெக்குலேயின் கனவு. எல்லாவற்றிலும் ஒரு மனிதர், ஒரு கணம், ஒரு பளிச்சிடல். குளுவாங்கில் நடந்ததற்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பதாலேயே, புதியது ஒன்று எப்படி அறியப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அது உதவுகிறது. இங்கே கண்டுபிடிக்கப்பட்டது ஓர் இன்மை. எங்கும் பரந்து கிடக்கும் ஒரு பயிரில் எது இல்லை என்பதை ஒருவர் கவனித்தாகவேண்டியிருந்தது. இருப்பதைப் பார்க்கக் கண் போதும். இல்லாததைப் பார்க்க, அது இருக்கும் இடத்தையும் பார்த்திருக்கவேண்டும்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் நான்கு நாற்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. இரண்டு ரீயூனியன் அல்லது மொரீசியஸ் தீவிலிருந்து, இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து. தென்கிழக்காசியத் தோட்டங்களில் பரவிய செம்பனையின் பெரும்பகுதி இந்த நான்கின் வம்சம். மலாயாவில் வணிகத்துக்காக முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே கையால். மரம் விதையாகவும் நாற்றாகவும் கடல் தாண்டியது. பூவில் வாழ்ந்த பூச்சிகள் தாண்டவில்லை. விதையோடு பூ வராது, பூவோடு மட்டுமே அந்த வண்டு வரும். 1848-க்கும் 1981-க்கும் இடையே 133 ஆண்டுகள், மரம் இங்கும் அதன் வண்டு அங்குமாக இருந்தன.

பூவை நெருங்கிப் பார்த்தால்தான் இந்தப் பிரிவின் கனம் தெரியும். நம் ஊர்ப் பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. செம்பனையில் ஒரே மரம் சில மாதங்கள் ஆண்பாளை விடும், பிறகு சில மாதங்கள் பெண்பாளை விடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மரத்தில் பக்குவமாக இருப்பது அரிது. அதனால் மகரந்தம் வேறொரு மரத்திலிருந்துதான் வந்தாகவேண்டும். ஆண்பாளை, விரல் விரலாக நிற்கும் நூறு இருநூறு கதிர்களின் கொத்து. ஒவ்வொரு கதிரிலும் நூற்றுக்கணக்கான பூக்கள். பூத்த ஐந்தாறு நாள்களுக்கு அதிலிருந்து சோம்பு வாசம் வீசும். எஸ்ட்ராகோல் என்னும் எளிதில் ஆவியாகும் பொருளின் மணம் அது. இன்றைக்கு ஜொகூரில் அப்படியொரு பாளையைத் தட்டினால் மகரந்தத் தூளும் வண்டுகளும் சேர்ந்தே உள்ளங்கையில் கொட்டும்.

பெண்பாளை மட்டைக்கும் தண்டுக்கும் இடையே, முள் நிறைந்த பூமடல்களுக்குள் இறுகிப் பதிந்து கிடக்கும். அதில் ஆயிரக்கணக்கான பூக்கள். ஒவ்வொன்றின் சூலகமுடியும் மூன்றாகப் பிரிந்து வெளிர்நிறமாக விரியும். அது மகரந்தத்தை ஏற்கும் காலம் இரண்டு மூன்று நாள். பிறகு சிவந்து கருக்கும். அந்த நாள்களில் பெண்பூவும் சோம்பு வாசம் விடுகிறது, ஆண்பூவைவிட மெலிதாக. வண்டுக்குப் பெண்பூவில் தீனி கிடையாது, முட்டையிட இடமும் கிடையாது. வாசத்தை நம்பி வருகிறது, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்விடுகிறது. வந்து போவதற்குள் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் சூலகமுடியில் உதிர்ந்துவிடுகிறது. செம்பனைக் குலை காய்ப்பது இந்த ஏமாற்றத்தால். வண்டின் குடும்ப வாழ்க்கை முழுவதும் ஆண்பாளையில்தான். பூத்து முடிந்த ஆண்பூக்களில் முட்டையிடும், புழு அவற்றைத் தின்று வளரும், இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வெளியே வரும். அதனால் பயிருக்குச் சேதமில்லை.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு இருக்க, செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது காற்றுதான் என்று பாடநூல்கள் ஏன் எழுதின? எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். செம்பனைப் பூவில் வண்ண இதழ் இல்லை, தேன் இல்லை. மகரந்தமோ உலர்ந்து, இலேசாக, அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. காற்றை நம்பும் தாவரங்களின் இலக்கணம் இதுவே. பூவின் உருவத்தைப் படித்து அதன் துணையை ஊகிப்பது மதிப்புள்ள முறையும்கூட. 1862-இல் டார்வின், மடகாஸ்கரின் ஓர் ஆர்க்கிட் மலரில் சுமார் 30 சென்டிமீட்டர் நீளத் தேன்குழலைப் பார்த்து, அந்த நீளத்துக்கு உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி எங்கோ இருக்கவேண்டும் என்றார். 1903-இல் அந்தப் பூச்சி விவரிக்கப்பட்டது. அதே முறை மடகாஸ்கரில் உண்மையைக் காட்டியது, மலாயாவில் மறைத்தது. ஒரு முறைக்கு வெற்றி பெற்ற வரலாறு இருந்தால், அடுத்த இடத்தில் அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. சோம்பு வாசத்தை எல்லாரும் முகர்ந்திருக்கிறார்கள். காற்றுக்கு எதற்கு வாசனை என்ற கேள்விக்குத் தோட்டத்தில் இடம் இருக்கவில்லை.

இடம் இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணம், கேள்விக்குப் பதிலாக ஒரு வேலை இருந்தது. இளம் செம்பனை பெண்பாளையை அதிகமாகவும் ஆண்பாளையைக் குறைவாகவும் விடும். அந்த வயதில் தோட்டத்தில் மகரந்தமே போதாது. குலையில் பாதிப் பழம் காய்க்காமல் வெறும் சாவியாக நிற்கும், குலையே அழுகுவதும் உண்டு. எனவே ஆள்வைத்து மகரந்தம் தூவினார்கள். பக்குவமான ஆண்பாளைகளை வெட்டி வந்து, மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, சலித்து, முகப்பவுடருக்குப் பயன்படும் டால்க் தூளோடு கலந்துகொள்வார்கள். அதை ஊதுகுழலில் நிரப்பிக்கொண்டு காலைப் பெரட்டு முடிந்ததும் நிரைக்குள் இறங்கவேண்டும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்த்து, விரிந்த பெண்பாளை எது என்று நிறத்தால் கண்டு, முள்மடலை விலக்கி, உள்ளே தூளை ஊதவேண்டும். பூ இரண்டு மூன்று நாள்தான் காத்திருக்கும் என்பதால் அதே நிரைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை திரும்பி வரவேண்டும். ஞாயிறும் திருவிழாவும் பூவுக்குத் தெரியாது. மரம் உயர உயர வேலை கடினமாகும், ஒரு கட்டத்துக்குமேல் முடியாமலே போகும்.

ஜொகூர்த் தோட்டங்களில் இந்த ஊதுகுழலைப் பிடித்த கைகளில் தமிழர் கைகளும் இருந்தன, அவற்றில் பெண்களின் கைகள் பல. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பால்மரம் அழிந்து செம்பனை எழுந்த நிலங்களில் இந்த வேலைக்கு வந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு வண்டு சும்மா செய்துவந்ததை இங்கே கூலிக்கு மனிதர்கள் செய்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வேலை நன்றாகவே நடந்தது, குலை கனத்தது, கணக்கு ஒத்துப்போனது. மருந்து வேலை செய்யும்வரை நோயைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. கண்டுபிடிப்பின் வரலாற்றில் இந்தத் தடையைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்று எனக்குப் படுகிறது. அறியாமை மட்டும் கேள்வியைத் தடுப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் உழைப்பும் தடுக்கிறது.

கேள்வி வந்தது தோட்டத் துரை ஒருவரிடமிருந்து. லெஸ்லி டேவிட்சன் ஸ்காட்லாந்துக்காரர், யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட அதிகாரி. 1950-களின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து, பிறகு கேமரூனுக்கு மாற்றப்பட்டு, 1960 வாக்கில் சபாவில் புதுத் தோட்டம் எழுப்ப அனுப்பப்பட்டவர். மலாயாவில் ஆள்வைத்து மகரந்தம் தூவுவதைப் பார்த்தவர் கேமரூனில் அந்த வேலையே இல்லாததைப் பார்த்தார். அங்கே குலைகள் தாமாகவே நிறைந்தன. அதுவும் எப்படிப்பட்ட ஊர்? கேமரூனின் தென்மேற்கு, உலகில் மிக அதிகமாக மழை கொட்டும் பகுதிகளில் ஒன்று. அங்குள்ள தெபுண்ட்சாவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை. அந்த மழையில் காற்றில் மிதக்கும் மகரந்தம் என்ன ஆகும்? சபாவில் குலை காய்க்காததற்கு மழையைக் காரணம் சொல்வார்கள். மழையே காரணம் என்றால் கேமரூன் மரம் மலடாக நிற்கவேண்டும். நின்றபாடில்லை. ஆனால் கேமரூன் பாளைகளில் பூச்சிகள் மொய்த்தன, மலாயாப் பாளைகளில் அப்படி இல்லை.

இந்தச் சிந்தனையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புதிய கருவி எதுவும் இதில் இல்லை, புதிய தகவலும் இல்லை. கேமரூனில் பூச்சி மொய்ப்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும், மலாயாவில் மகரந்தம் ஊதுவது இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும், இது இரண்டு ஊர்களின் இரண்டு பழக்கம் என்று விட்டுவிடாமல், ஒரே மரம் ஏன் இரு விதமாக நடந்துகொள்கிறது என்று கேட்டவர் ஒருவர். படைப்பூக்கம் என்று நாம் பெரிதாகச் சொல்லுவது பல வேளைகளில் இதுதான். தொலைவில் கிடக்கும் இரு பழக்கங்களை ஒரே கேள்வியின் இரு பாதிகளாகப் பார்ப்பது. டேவிட்சன் தாவரவியல் அறிஞர் அல்லர் என்பது இங்கே குறையாக இல்லை. அறிஞர்களிடம் அவர் கேட்டபோது அவர்கள் காட்டியது பாடநூலை.

கிரகாம் வாலஸ் 1926-இல் எழுதிய ‘சிந்தனைக் கலை’ என்ற நூலில் படைப்புச் சிந்தனைக்கு நான்கு படிகள் வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல். இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்சும் கணித மேதை ஆன்றி புவான்கரேயும் தம் அனுபவத்தைச் சொன்னதிலிருந்து எழுந்த வகுப்பு அது. அடைகாக்கும் காலத்தில் மனத்தின் அடியாழம் வேலை செய்கிறது என்பது அதன் உட்கிடை. டேவிட்சன் விஷயத்தில் அடைகாத்த காலம் ஏறக்குறைய இருபது ஆண்டு. ஆனால் அந்த இருபதாண்டில் அவர் மனம் எதையும் தேடித் திரியவில்லை. ஊகம் அவரிடம் தயாராக இருந்தது. அதைச் சோதிக்கப் பணம் ஒதுக்கும் அதிகாரம்தான் இல்லை. 1970-களின் நடுவில் யூனிலீவரின் தோட்டப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்தபிறகே அவரால் ஒரு பூச்சியியலாளரை அமர்த்த முடிந்தது. படைப்பூக்கத்தை ஆராய்பவர்கள் மூளைக்குள் தேடும் தாமதங்களில் எத்தனை, உண்மையில் சம்பளப் பட்டியலிலும் பதவிப் படிக்கட்டிலும் ஏற்பட்ட தாமதங்கள்? தோட்டத் துரைக்கே இருபதாண்டு ஆனது என்றால், நிரையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அதே ஐயம் தோன்றியிருந்தால் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

அமர்த்தப்பட்டவர் ரஹ்மான் அன்வர் சையது, பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர், காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். 1970-களின் பிற்பகுதியில் கேமரூனில் அவர் செய்த வேலைதான் இந்தக் கதையின் நடுத்தண்டு. ஊகம் பிறப்பதைத்தான் படைப்பு என்றும், சோதனையைச் சடங்கு என்றும் நினைப்பது பிழை. ஹான்ஸ் ரைஷன்பாக் 1938-இல் கண்டுபிடிப்பின் சூழல், நிறுவுதலின் சூழல் என்று இரண்டாகக் கோடு கிழித்தார். முன்னது உளவியலுக்கு, பின்னது தருக்கத்துக்கு. கார்ல் பாப்பரும், ஊகம் எப்படி வந்தது என்பது தருக்கத்தின் வேலை அல்ல என்றார். கேமரூன் தோட்டத்தில் நின்றால் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே சோதனையை வடிவமைப்பதுதான் அதிக கற்பனை கேட்ட வேலை.

பாளையில் பூச்சி மொய்க்கிறது என்பது எதையும் நிறுவாது. தின்ன வந்திருக்கலாம், ஒளிய வந்திருக்கலாம். பூச்சியையும் காற்றையும் பிரிக்கவேண்டும். இரண்டும் ஒரே பூவுக்கு, ஒரே நேரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரே தூளைக் கொண்டுவருகின்றன. காற்று புகுந்து பூச்சி புகாதபடி பெண்பாளையை மூடினால் என்ன ஆகிறது, மூடாமல் விட்டால் என்ன ஆகிறது என்று ஒப்பிடவேண்டும். மூடும் வேலையே நுணுக்கமானது. பூ விரிவதற்கு முன் மூடவேண்டும், கடைசிச் சூலகமுடி சிவக்கும்வரை திறக்கக்கூடாது, ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் கணக்குக் கெடும். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து, குலையைக் கலைத்து, காய்த்த பழத்தையும் காய்க்காததையும் எண்ணவேண்டும். பூச்சியை விலக்கிய பாளைகளில் காய்ப்பு வீழ்ந்தது. காற்று தாராளமாக வீசியும் பயனில்லை. 1979-இல் சையது இந்த முடிவுகளைப் பூச்சியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்.

பூச்சி என்றால் எந்தப் பூச்சி? கேமரூன் பாளைகளில் பல இனங்கள் இருந்தன, எலெய்டோபியஸ் பேரினத்திலேயே பல. எது எத்தனை மகரந்தத் துகளைச் சுமக்கிறது, எது பெண்பூவுக்கும் வருகிறது, மழைக்காலத்தில் எது தாக்குப்பிடிக்கிறது, வறட்சியில் எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேமரூனிகஸ் இரு பருவத்திலும் நின்றது, கூடுதல் மகரந்தம் சுமந்தது. மலேசியாவுக்கு அதையே தேர்ந்தார்.

தீபகற்ப மலேசியாவிலும் அவர் தேடினார். அங்கே செம்பனைப் பூவில் த்ரிப்ஸ் ஹவாயென்சிஸ் என்ற இலைப்பேன் இருந்தது. மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தப் பூச்சி மகரந்தத்தைச் சுமந்து பெண்பூவுக்குப் போய்க்கொண்டிருந்தது. முழுமையாகச் செய்ய அதனால் முடியவில்லை, ஆனால் செய்துகொண்டிருந்தது. சபாவில் அதுவும் இல்லாததால்தான் அங்கே காய்ப்பு இன்னும் மோசம். ஆக, காற்றின் கணக்கில் எழுதப்பட்டிருந்த விளைச்சலின் ஒரு பங்கு, ஒரு பூச்சி உழைத்துக் கொடுத்தது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் உலுக்கும் இடம் இது. சான்று கேமரூனில் மட்டும் இருக்கவில்லை. ஊதுகுழல் ஏந்தியவர்கள் குனிந்து பார்த்த அதே பூவுக்குள் இருந்தது. கொள்கை வேறாக இருந்ததால் அது சான்றாகத் தெரியவில்லை.

கண்டறிந்ததும் கொண்டுவந்துவிட முடியாது. அயல்நாட்டு உயிரைக் கொண்டுவந்து விட்டு அவதிப்பட்ட கதைகள் பல. 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த தேரை, ஆஸ்திரேலியாவை இன்னும் விடவில்லை. புதிய வண்டு தென்னையைத் தின்னுமா, கொக்கோவைத் தின்னுமா, ரப்பரைத் தொடுமா? பலவகைப் பயிர்களைக் கொடுத்துச் சோதித்ததில், செம்பனை ஆண்பூ இல்லாமல் இந்த வண்டால் வம்சம் வளர்க்கமுடியாது என்று தெரிந்தது. 1980-இல் மலேசியாவுக்கு வந்த வண்டுகளை நேரே வெளியே விடவில்லை. நோயும் ஒட்டுண்ணியும் இல்லை என்று உறுதியாகும்வரை அடைத்துவைத்து வளர்த்து, விவசாய இலாகாவின் அனுமதி பெற்ற பிறகே 1981-இல் குளுவாங்கில் திறந்தார்கள். அடுத்த மாதம் சபாவில்.

விளைவு புள்ளிவிவரத்தில் உடனே தெரிந்தது. மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் 1981-இல் 28 லட்சம் டன், 1982-இல் 35 லட்சம் டன். இந்த ஏற்றம் முழுவதையும் வண்டின் கணக்கில் எழுதக்கூடாது, புதிய நடவுகளும் அந்த ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்தன. 1983-இல் உற்பத்தி 30 லட்சமாக விழுந்தது. பெருங்காய்ப்பில் மரங்கள் களைத்தது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. சையது, லா, கோர்லி மூவரும் 1982-இல் ‘தி பிளாண்டர்’ இதழில் எழுதிய கட்டுரை குலைக்குள்ளேயே எண்ணிப் பார்த்தது. காய்த்த பழங்களின் விகிதம் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆலைகளுக்கு இது புதிய தலைவலி. குலைகள் இறுகி, உள்பழங்கள் உதிர மறுத்தன. பருப்பு பெருகியதால் அதை உடைக்கும் இயந்திரங்கள் போதவில்லை. எலிகளும் புதிய விருந்தைக் கண்டுகொண்டு, காய்ந்த ஆண்பாளையைக் கிழித்து வண்டுப்புழுவைத் தின்னத் தொடங்கின. பிறகு இந்தோனேசியா, பாப்புவா நியூகினி, தாய்லாந்து, 1985-இல் கேரளம் என்று வண்டு பயணம் தொடர்ந்தது.

துணையைப் பிரிந்த பயிர் செம்பனை மட்டும் அன்று. மெக்சிகோவின் வெனிலாக் கொடி ரீயூனியன் தீவுக்கு வந்து பல ஆண்டு பூத்தும் காய்க்கவில்லை, அதன் தேனீ அங்கே இல்லை. 1841-இல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கிப் பெருவிரலால் அழுத்தினால் காய் பிடிக்கும் என்று கண்டான். உலகின் வெனிலா இன்றும் பெரும்பாலும் அவன் கைவகையில்தான் விளைகிறது. 1848-இல் விடுதலை பெற்று அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் பெற்ற அவர் 1880-இல் வறுமையில் இறந்தார். கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன ஸ்மிர்னா அத்தியோ பிஞ்சிலேயே உதிர்ந்தது, 1899-இல் அதன் குளவியை வரவழைத்த பிறகே நின்றது. வெனிலாவுக்குக் கை விடையானது, அத்திக்குக் குளவி. செம்பனைக்கு முதலில் கை, பிறகு வண்டு. கையே நிலைத்த இடத்தில் உழைப்பும் நிலைத்தது. வண்டு வந்த இடத்தில் ஒரு வேலை போனது. அந்த வேலை போனதற்காக நான் வருந்தவில்லை, முள்ளுக்குள் கைவிட்டு ஊதும் வேலையை யாரும் ஏங்கி நினைக்கமாட்டார்கள். ஆனால் மிச்சமான கூலிச் செலவு எவர் கைக்குப் போனது என்பது நியாயமான கேள்வி. வண்டு ஈட்டிய கோடிகளைப் பற்றி எழுதியவர்கள் அதைக் கேட்கவில்லை.

கேள்விகள் முடிந்துவிடவில்லை. சில தோட்டங்களில், குறிப்பாக இளம் நடவுகளில், காய்ப்பு மீண்டும் குறைவதைப் பார்க்கிறார்கள். அதிகப் பெண்பாளை விடும்படி தேர்ந்தெடுத்த புதிய மரவகைகளில் வண்டு வளர ஆண்பாளை போதவில்லை என்பது ஒரு காரணம். தொடர்மழை இன்னொன்று. வண்டின் உடலுக்குள் வாழும் நூற்புழு ஒன்றையும் மலேசியாவில் கண்டு 2002-இல் விவரித்திருக்கிறார்கள். ஒரு மாற்று வழியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பூத்து முடிந்த ஆண்பாளைகளைப் பெட்டியில் அடைத்து, பொரித்து வரும் வண்டுகள்மேல் மகரந்தத்தைத் தூவி வெளியே அனுப்புவது. மகரந்தத்தை உலர்த்திச் சலித்துவைக்கும் வேலைக்கு மறுபடியும் ஆள் தேவைப்படுகிறது.

செம்பனைப் பரப்பில் தீபகற்பத்தின் முன்வரிசையில் நிற்கும் ஜொகூரில், 1960-களிலும் 70-களிலும் ஊதுகுழல் பிடித்த பெண்களில் பலர் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் குளுவாங், கூலாய், ஜொகூர் பாரு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பள்ளி மாணவர்களும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களும் ஒலிப்பதிவோடு அவர்களிடம் போகவேண்டும். லயத்து வாழ்க்கையையும் கூலியையும் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடாமல், பூவைப் பற்றிக் கேட்கவேண்டும். ஊதாமல் விட்ட நிரையில் எந்த மரம் தானாகவே காய்த்தது? காட்டோரத்து மரத்துக்கும் நடுத்தோட்டத்து மரத்துக்கும் வேறுபாடு இருந்ததா? மடலை விலக்கியபோது உள்ளே பொடிப் பூச்சிகள் ஓடினவா, எந்த மாதத்தில் அதிகம், மழைக்குப் பின் எப்படி? வாரத்துக்கு மூன்று முறை அதே பூவை முகத்தருகே வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.